ஹெக்டரின் மூன்று சென்ரிமீற்றர் அலை

மட்டக்களப்பு வாவியை அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றின் எழுவான்கரையில், தேற்றாத்தீவில், ஒரு தென்னங்குற்றியில் குந்தியபடி ஹெக்டர் காலை எட்டு மணியிலிருந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் விடாமல் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு மனுசக் குரல் வரவேண்டும். வரவில்லை.

ஒரு மைல் தண்ணீருக்கு அப்பால், படுவான்கரையில், அவருடைய மனைவி திரேசம்மா இன்னொரு பெட்டியின் பக்கத்தில் நின்று மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணுகிறாளோ, பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டாளோ, சுவிச்சைத்தான் போட்டாளோ, ஒன்றும் அவருக்குத் தெரியாது. இப்படியே இது நாலாவது ஞாயிறு.

கழியில் கட்டியிருந்த படுக்கை விரிப்பை எடுத்து இடப்பக்கமாக மூன்று தரம் வீசினார். பெட்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு என்று அதற்கு அர்த்தம். இரைச்சல் மாறவேயில்லை.

"திருப்பு எண்டா திருப்ப மாட்டாளே!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினார். கரையோரம் நின்ற கொக்குகள் இரண்டு எழும்பிப் பறந்தன.

ஹெக்டர் முன்பு பன்னிரண்டு வருசம் திருகோணமலையில், வெள்ளைக்காரக் கடற்படையின் ராடார் பட்டறையில் வேலை செய்தவர். ஐம்பத்தேழில் கடற்படை போய்விட்டது. ஹெக்டரின் வேலையும் அதோடு போனது. ஊருக்கு வந்து களுவாஞ்சிக்குடியில் ஒரு நெல் மில்லில் மோட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். மில்லில் அவரை எல்லாரும் மோட்டர்காரர் என்பார்கள். தன்னை இன்னும் ராடார்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

ஹாம் றேடியோ லைசன்ஸ் அவரிடம் இருந்தது. சிற்றலையில் மோர்ஸ் தட்டி இந்தியாக்காரனோடும் இங்கிலாந்துக்காரனோடும் கதைப்பார். ஆனால் அவருடைய மனசு கிடந்தது மூன்று சென்ரிமீற்றர் அலையில். ராடார் வேலை செய்வது அந்த அலையில்தான். அதற்குக் கம்பி கட்டி ஏரியல் போட்டுச் சரிவராது. செவ்வகப் பித்தளைக் குழாய்க்குள்ளால் அதை ஓடவிட்டு, புனல் மாதிரி விரிந்த ஒரு வாயால் வெளியே அனுப்ப வேண்டும். கடற்படைத் தளத்துப் பழஞ்சாமான் ஏலத்தில் எடுத்த குழாய்களும் வால்வுகளும் பத்து வருசமாக ஒரு றங்குப்பெட்டியில் கிடந்தன. அவற்றை வைத்து ஓர் அனுப்பும் பெட்டியும் ஒரு வாங்கும் பெட்டியும்தான் செய்ய முடிந்தது. ஆக, ஒரு கரையில் நிற்பவர் கதைக்கலாம், மற்றவர் கேட்கலாம். கேட்டவருக்குப் பதில் சொல்ல வழி கிடையாது. அதற்குத்தான் அந்தப் படுக்கை விரிப்பு.

வீட்டுக்குள் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது. அனுப்பும் பெட்டியை அடுப்படியிலும் வாங்கும் பெட்டியை முன்னறையிலும் வைத்தால் திரேசம்மா மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஆற்றைத் தாண்டினால் ஒன்றும் கேட்காது.

ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசை முடிந்ததும், கோணாமலை என்ற தோணிக்காரன் அனுப்பும் பெட்டியையும் கார் பற்றறியையும் திரேசம்மாவையும் ஏற்றிக்கொண்டு படுவான்கரைக்குப் போவான். தோளில் தூக்க வசதியாக ஹெக்டர் அந்தப் பெட்டியை ஒடுக்கமாக, உயரமாகச் செய்திருந்தார். வெயில் பட்டால் உள்ளே வால்வு சூடாகி அலை இடம்மாறிவிடும் என்று ஒரு குடையும் கொடுத்துவிடுவார். குடை பெட்டிக்கு. திரேசம்மா வெயிலில் நிற்பாள்.

அன்றைக்கும் மத்தியானம் அவள் கன்னம் சிவந்து வந்து இறங்கினாள்.

"நான் கொடி காட்டினது ஒன்ட கண்ணுக்குத் தெரியல்லையா?"

"தெரியல்ல."

"அம்புட்டுப் பெரிய விரிப்பு! கண்ணைத் திறந்து பாத்தாத்தானே தெரியும்."

"பாத்துக்கொண்டுதான் நிண்டன். தெரியல்ல எண்டா தெரியல்ல."

"நாப்பது புள்ளைகள மேய்க்கிற ஒனக்கு ஒரு பெட்டியப் பாத்துக்கொள்ளத் தெரியல்லையே!"

திரேசம்மா பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு ரீச்சர். குடையை மடக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த கிழமை முழுவதும் ஹெக்டர் மில்லால் வந்ததும் வராததுமாகப் பெட்டிகளைக் கழற்றினார். உப்புக்காற்றில் பித்தளைக் குழாய்க்குள் பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஒரு குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இதுதான், இதுதான் என்று சந்தோசப்பட்டுக் கூட்டைச் சுரண்டி எடுத்தார். வால்வின் கால்களைத் துடைத்தார். எல்லாவற்றையும் பூட்டி அடுப்படியில் வைத்துப் பார்த்தால் முன்போலவே நன்றாகக் கேட்டது. சரி, இந்தத் தரம் விடாது என்று ஐந்தாவது ஞாயிறும் திரேசம்மாவைத் தோணியில் ஏற்றினார்.

எட்டு மணிக்கு இரைச்சல். பத்து மணிக்கும் இரைச்சல். பதினொன்றரை ஆனது. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஹெக்டர் ஹெட்போனைக் கழற்றி எறிவோமா என்று கையை எடுத்தார். அப்போது இரைச்சல் சட்டென்று அடங்கியது. பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல ஒரு பெண்குரல் வந்தது.

"...இளநி வேணாம்கா, இருங்க. நானும் கொஞ்சம் இருக்கன். கால் கடுக்குது."

திரேசம்மா!

ஹெக்டர் குற்றியை விட்டு எழும்பிவிட்டார். கொடியைத் தூக்கக் கையும் போனது. ஆனால் குரல் தொடர்ந்து வந்தது. அந்தக் கரையில் பன்பாய் இழைக்கிற சீதேவிப்பிள்ளையோடு அவள் கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. மைக் சுவிச்சை மூடாமலே கீழே வைத்துவிட்டாள் போல.

"ஒங்கட அவருக்கு அங்க கேக்குதாமோ?" என்று தூரத்தில் சீதேவிப்பிள்ளையின் குரல்.

"எங்க கேக்குது? கேக்கல்ல எண்டுதான் அஞ்சு ஞாயிறா ஏச்சு வாங்குறன். அவரு கெட்ட மனுசனில்லகா. ஆனா ஒரு சாமான் பழுதாப் போனா, பக்கத்தில நிக்கிற ஆளைத்தான் முதல்ல பழுதெண்டு நினைப்பாரு."

"ஏலாது எண்டு சொல்லிற வேண்டியதுதானே?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கொண்டு ரெண்டு நாள் சோறு தின்ன மாட்டாரு. எங்கட றீற்றா டவுன்ல கொன்வென்ற் போடிங்கில இருக்கா, தெரியுந்தானே? மாசத்தில ரெண்டு ஞாயிறுதான் தாய் தகப்பனப் பாக்க விடுவாங்க. இந்தப் பெட்டியால புள்ளைய நான் கண்டு ஒண்டரை மாசம். கடிதம் போட்டிருக்கா, அம்மா எனக்கு ஏதும் கோபமா எண்டு."

ஹெக்டரின் கை கழியைப் பிடித்தபடி அப்படியே நின்றது. மகள் கடிதம் போட்டது அவருக்குத் தெரியாது. இன்னும் கேட்கவேண்டும்போலவும் இருந்தது, கேட்கக் கூடாது என்றும் பட்டது. கடைசியில் கொடியை நேராகத் தூக்கிப் பிடித்தார். கேட்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"அய்யோ, கொடி!" என்றது குரல். ஏதோ உரசுகிற சத்தம் வந்தது. அதோடு போயிற்று. திரும்பவும் தகரக் கூரையில் மழை.

ஒரு மணி வரைக்கும் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

தோணி வந்தது. "கேட்டுதா?" என்றாள் திரேசம்மா. கேட்ட விதத்தில் ஒரு பயம் இருந்தது.

"கேட்டுது. பிறகு விட்டிற்று. நீ என்னமும் செஞ்சயா?"

"இல்ல. நான் ஒண்ணும் செய்யல்ல."

"மெய்யா?"

"மெய்தான்."

"அப்ப எங்கயோ லூஸ் தொடுப்பு இரிக்கு," என்றார் ஹெக்டர். தான் கேட்ட கதையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஹெக்டரை மூன்று கிழமை பாடாய்ப்படுத்தியது அந்த லூஸ் தொடுப்பு. ஒரு பழுது முழுப் பழுதாக இருந்தால் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற பழுதைப் பிடிப்பது சரியான கரைச்சல். வாங்கும் பெட்டியின் ஒவ்வொரு ஈயப் பற்றாசையும் உருக்கித் திரும்ப ஒட்டினார். தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். கோபம் ஏற ஏறக் கையும் முரடானது. மில்லில் ஒரு மோட்டரைப் பிழையாகப் பூட்டி முதலாளியிடமும் ஏச்சு வாங்கினார்.

வாங்கும் பெட்டிக்கு உயிர், கிறிஸ்டல் என்கிற சின்னச் சாமான். சுண்டுவிரல் நுனியளவு பீங்கான் உருளை, இரண்டு பக்கமும் உலோக மூடி. துளி மின்சாரம் ஏறினாலும் செத்துவிடும் என்பதால் ஈயத்தாளில் சுற்றித்தான் வைப்பார்கள். திருகோணமலையிலிருந்து வரும்போது ஹெக்டரிடம் மூன்று இருந்தன. இரண்டு முன்பே போய்விட்டன. பற்றாசுக் கோலைத் தொடுவதற்கு முன் கிறிஸ்டலைக் கழற்றிவைக்க வேண்டும் என்பது பட்டறையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விசயம். மூன்றாவது கிழமை ஒரு பின்னேரம், ஒன்பதாவது தரமோ பத்தாவது தரமோ பெட்டியைத் திறந்தபோது, ஹெக்டர் அதைக் கழற்றவில்லை. கோலின் ஒழுக்கு மின்சாரம் ஏறியிருக்க வேண்டும். பூட்டிப் பார்த்தபோது இரைச்சல்கூட வரவில்லை.

மேசையில் ஓங்கிக் குத்தினார். பற்றாசுக் கோல் உருண்டு விழுந்து சீமெந்தில் கருகல் கோடு போட்டது. பிறகு கதிரையில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

திரேசம்மா அடுப்படியால் வந்து கோலை எடுத்து மேசையில் வைத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்டு சொன்னா ஏசுவீங்களா?"

"இனி ஏசி என்ன?"

"அண்டைக்குக் கேட்டது எண்டீங்களே... அப்ப நான் பெட்டிய நிமிர்த்தி வச்சிருக்கல்ல. வெயில் தாங்க ஏலாமக் குடைய நான் எடுத்தன். பெட்டியச் சரிச்சுப் படுக்க வச்சு, சீதேவியக்காட கிடுகுக் குவியல்ட நிழலுக்குள்ள தள்ளி விட்டன். புனல் ஆத்தப் பாத்துத்தான் இருந்தது. ஒங்கட கொடியக் கண்டதும் பயத்தில நிமிர்த்திட்டன்."

ஹெக்டர் எழும்பி, அனுப்பும் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த அலையில் நின்றபடி போவதும் உண்டு, படுத்தபடி போவதும் உண்டு. நின்றபடி வருவதைப் படுத்திருக்கும் குழாய் வாங்காது. தோளில் தூக்க வசதியாகப் பெட்டியை ஒடுக்கமாகச் செய்தபோது, இடம் போதாமல் உள்ளே குழாயைக் கால்வட்டம் திருப்பிப் பூட்டியவர் அவர்தான். புனலின் வாய் ஏறக்குறையச் சதுரம் என்பதால் வெளியே பார்க்க வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்குள் சுவரில் பட்டுத் தெறித்த அலை எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஆற்றுக்கு மேலே தெறிக்கச் சுவர் ஏது? திரேசம்மா பெட்டியைப் படுக்கவைத்தபோதுதான் அந்தத் திருப்பம் சரியாகியிருக்கிறது.

"நான்தான் பிழையாப் பூட்டியிருக்கன்," என்றார்.

"அப்ப இனி சரிதானே?"

"என்னத்தச் சரி? கிறிஸ்டல் செத்துப்போச்சு."

இலங்கையில் அந்தச் சாமானை எங்கே தேடுவது? வெளிநாட்டுச் சாமான்களுக்கு அப்போது சரியான கட்டுப்பாடு. சிற்றலையில் பழக்கமான ஓர் இங்கிலாந்துக்காரனிடம் மோர்ஸில் கேட்டார். அனுப்புகிறேன் என்றான். ஆடி போனது, புரட்டாதி போனது, மாரி தொடங்கி ஆறு பெருகிக் கரையை மூடியது. பார்சல் வந்தது மாசியில். வழியில் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு கிறிஸ்டலின் ஈயத்தாளையும் உரித்து, ஒரு கடதாசியில் சேர்த்துச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஹெக்டர் வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார். ஒன்று செத்திருந்தது. மற்றது இரைந்தது.

"நாளைக்கு ஞாயிறு," என்றார்.

"நாளைக்கு நான் றீற்றாவிட்டப் போறன்," என்றாள் திரேசம்மா.

ஹெக்டர் அவளைப் பார்த்தார். "நானும் வாறன்," என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் ஹெட்போனைத் திரேசம்மாவின் காதில் மாட்டி, கொடியையும் கையில் கொடுத்துவிட்டு, தானே கோணாமலையின் தோணியில் ஏறினார். படுவான்கரையில் பெட்டியைப் படுக்கவைத்து, சுவிச்சைப் போட்டு, மைக்கைப் பிடித்து எண்ணினார். பத்து மட்டும் எண்ணிவிட்டுக் கொடியைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார்.

ஒன்றுமே தெரியவில்லை. கிழக்கே சூரியன் நேர் எதிரே நின்றது. ஆறு முழுவதும் தகதகவென்று கண்ணைக் குத்தியது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். பத்தரை மணி வரைக்கும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் யானையைக் கட்டிவைத்தாலும் தெரியாது.

"திரேசம்மாவும் இப்பிடித்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிப்பா," என்றாள் பாய் இழைத்துக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளை.

ஹெக்டர் மைக்கைப் பார்த்தார். எண்ணி எண்ணி அலுத்தது. கேட்கிறதோ இல்லையோ தெரியாமல் கதைப்பது எவ்வளவு கொடுமை! கடைசியில், "இஞ்ச, கொடி தெரியல்ல புள்ள. சூரியன் முகத்தில அடிக்குது. நான்தான் தெரியாம ஏசிட்டன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு நீ சீதேவிப்பிள்ளைக்குச் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது. றீற்றாட கடிதமும்," என்றார். திரும்பவும் எண்ணத் தொடங்கினார்.

தோணி திரும்பி வந்தபோது திரேசம்மா கரையில் நின்றாள்.

"கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுது. கொடி பிடிச்சுக் கை உளையுது." தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கேட்டதெண்டா அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"நீயும் பெட்டியச் சரிச்சதெண்டு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா ஏசுவீங்க."

ஹெக்டர் பற்றறியைத் தூக்கிக் கரையில் வைத்தார். இரண்டு அடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"குரல் துப்புரவா இருந்ததா?"

"இருந்தது. பின்னால மட்டும் வண்டு இரையிற மாதிரி ஒரு சத்தம்."

"தொடக்கத்தில இருந்தா, இடையில வந்ததா?"

"இடையில. போகப் போகக் கூடினது."

"கொண்டென்சர்," என்றார் ஹெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "புதுசா ஒண்டு பழுதாகுது." பெட்டியைக் கோணாமலையின் கையிலிருந்து வாங்கித் தன் தோளிலேயே வைத்துக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு முன்னமே அதைத் திறந்துவிட வேண்டும் என்று வீட்டைப் பார்த்து விறுவிறென்று நடந்தார்.