டிரைவர் நடத்திய கம்பெனி

கார் சாவியைத் தவிர வேறெதையும் கையில் வைத்திராத ஒரு மனிதர், சாயப்பட்டறை ஒன்றுக்கு நிர்வாக இயக்குநராக இருக்க முடியுமா? சிரிக்காதீர்கள், சட்டப்படி முடியும். ஆறு வருஷம் இருந்தார். அவருக்கே தெரியாது.

அவர் முதலாளியின் டிரைவர். சிக்னலில் வண்டி நின்றால் பின் சீட்டிலிருந்து காகிதக் கட்டு நீளும். கையெழுத்துக் கோடு மட்டும் தெரியும்படி மேல்பகுதி மடித்திருக்கும். "இன்சூரன்ஸ் பேப்பர்ப்பா, பச்சை விழறதுக்குள்ள போடு." ஸ்டியரிங் மேல் வைத்துப் போட்டுவிடுவார். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும்போது யார் பிரித்துப் படிப்பது?

பட்டறைக் கொதிகலன் வெடித்து இரண்டு ஃபிட்டர்கள் வெந்து செத்த பிறகுதான் பதவி வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்தார்.

"நிர்வாக இயக்குநர் இருக்காரா?"

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த வீட்டுலயா? ஒழுகற குழாயை மாத்தச் சொல்லி மூணு மாசமாச்சு. அதுக்கே இந்த மனுஷன்கிட்ட முடிவு கிடைக்கல."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நோட்டீஸில் டிரைவரின் பெயர் இருந்தது. முதலாளியின் பெயர் மருந்துக்கும் இல்லை. பங்குகள் முதலாளியின் மச்சினன் பெயரில். லாபம் போய்ச் சேர்ந்தது வேறொரு கம்பெனிக்கு. ஜெயில் மட்டும் டிரைவருக்கு. தூ!

மறுநாள் முதலாளி ஷெட்டுக்கே வந்து தோளில் கை போட்டார். "பயப்படாதே, வக்கீல் பார்த்துக்குவாரு. இது ஒண்ணுல போட்டுடு."

வண்டி நின்றிருந்தது. அவசரமில்லை. டிரைவர் மடிப்பைப் பிரித்தார். கொதிகலன் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட அவரே தலைமை தாங்கி முடிவெடுத்ததாகக் கூட்டக் குறிப்பு. மார்ச் பன்னிரண்டு, காலை பதினொரு மணி.

"அன்னிக்கு உங்க மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனே, சார்."

"அதெல்லாம் யாருக்குய்யா ஞாபகம்?"

"டிரிப் நோட்டுல இருக்கு, சார். கீழே நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தோளிலிருந்த கை இறங்கியது. பிறகு வந்த வார்த்தைகளில் 'நன்றி கெட்ட நாய்' என்பதுதான் அச்சேறத் தகுந்தது.

அன்றே டிரைவர் கையெழுத்துப் போடாத அந்தக் குறிப்பையும் டிரிப் நோட்டையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு கூட்டம் பொய்யின்னு காட்டலாம். மத்த ஆறு வருஷக் கையெழுத்தும் உங்களோடதுதானே? எப்படி வாங்கினாங்கன்னு பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும். இல்லேன்னா முதலாளியை வழக்குல சேர்க்க முடியாது."

பார்த்தவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். தட்டச்சு செய்தவர்கள், முத்திரை குத்தியவர்கள், மடித்துக் கொடுத்தவர்கள். டிரைவர் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றார். "குடும்பம் இருக்குண்ணே" என்றார்கள், கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல். செத்த ஃபிட்டர்களுக்கும் இருந்தது.

அடுத்த மாதம் விசாரணை. இதுவரை ஒருவரும் வரவில்லை. இதுபோன்ற மேசை ஒன்றில் நீங்களும் உட்கார்ந்திருந்தால், உங்கள் கம்பெனியின் இயக்குநர் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் சமையல்காரர், வாட்ச்மேன் பெயர் இருந்தால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். கூப்பிடும் நாளில் கூண்டேறியும் சொல்லுங்கள்.