சின்னையாவின் பிள்ளைகள்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் பாதியில் நின்றது. சீர் தகராறா? இல்லை. ஜாதகமா? அதுவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த என் அப்பாவின் போட்டோதான் காரணம்!

பெண், என் தம்பி ராசுவின் மகள் மலர். எங்கள் மலையில், பிரிஞ்சாங் ஊரில் ஒரு ஓட்டலில் வேலை. மாப்பிள்ளை குணா, பக்கத்து ஊர் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிறான். இவன் பூ கொண்டுவந்து இறக்குவான், அவள் எண்ணி வாங்குவாள். ஓட்டலுக்குத் தேவைக்கு மேல் செவ்வந்தி வந்து சேர ஆரம்பித்தபோதே நான் சுதாரித்துக்கொண்டேன். பையன் நல்லவன். எங்களுக்கும் சம்மதம்.

இரண்டு வீட்டுக்கும் முன்பின் பழக்கமில்லை. நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்கள் தலைமுறையாகக் காய்கறி, பூ என்று இருப்பவர்கள்.

குணாவின் அப்பாவுக்கு ஓர் அக்கா, பெயர் பாக்கியம். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து போட்டோவைப் பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இவரு... வெள்ளையன் சித்தப்பாதானே?”

“எங்க அப்பா பேரு வெள்ளையன்தான்,” என்றான் ராசு.

“எங்க அப்பா மாயாண்டிக்குத் தம்பி லா இவரு! என்னைத் தோள்ல தூக்கிட்டு திரிங்காப் பூரா சுத்துனவரு. எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போனாரு, அப்புறம் தாக்கல் தகவலே இல்ல...”

சித்தப்பா என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன், தங்கை முறை. தங்கையை யாராவது பெண் கேட்பார்களா? குணா செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போய் நின்றான். மலர் காப்பித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அப்பாவும் மாயாண்டியும் கூடப் பிறந்தவர்கள்தானா? யாரைக் கேட்பது? அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா இருந்த வரைக்கும் மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை — சொல்லக்கூடாதாம். கடைசிவரை ‘பெரியவரு’தான். அதனால் எங்கள் தாத்தாவின் பெயரே எங்களுக்குத் தெரியாது.

பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். “உங்க தாத்தா பேரு என்னங்க?”

“தாத்தா பேரா? தாத்தாதான்.”

போச்சு, போங்கள்.

ஆனால் பேச்சுவாக்கில் அவரே ஒரு வழியும் காட்டினார். மாயாண்டியும் என் அப்பாவும் திரிங்காப்பில் ஆற்றோரமாகக் காடு வெட்டி, சேர்ந்தே லைசென்ஸ் வாங்கி, கோஸ் போட்டார்களாம். என் வீட்டுக்காரர் காய்கறி வியாபாரி. நிலத்து லைசென்ஸ் விஷயமெல்லாம் அவருக்கு அத்துப்படி. “லைசென்ஸ் குடுத்தா அப்பன் பேரோட எழுதிக்குவாங்க. ஜப்பான்காரன் காலத்துக்கு முந்துன புஸ்தகமெல்லாம் நில ஆபிஸ்ல இன்னும் இருக்கு, போய்ப் பாரு,” என்றார்.

அன்று மாலை மலர் என்னிடம் வந்தாள். “அத்தை, என்ன எழுதியிருந்தாலும் வந்து சொல்லிடுங்க. அண்ணன் முறைன்னு எழுதியிருந்தா நான் அழமாட்டேன். ஆனா வேற மாப்பிள்ளை பாக்கக் கூடாது.” சொல்லிவிட்டு அழுதாள்.

வீட்டுக்காரரின் காய்கறி லாரியில் கிளம்பினோம். நான், ராசு... கூடவே பாக்கியம் அக்காவும். “எனக்கு எழுத்து தெரியாது. படிக்கிறவங்க மூஞ்சி தெரியும்,” என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வழியெல்லாம் கவனித்தேன். லாரி டிரைவரை ‘தம்பி’ என்றார். டீக்கடைக்காரரை ‘அண்ணே’, அவர் மனைவியை ‘அண்ணி’. பஸ் ஸ்டாப்பில் நின்ற மேரியம்மாவை ‘சின்னம்மா’. என்னை? ‘தங்கச்சி’! இந்த அம்மாள் கணக்குப்படி பார்த்தால் இந்த மலையில் ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

நில ஆபிஸில் ஃபீஸ் கட்டினோம். அங்கே குமாஸ்தா வேலை பார்த்த கிராணி ஒரு மலாய்க்காரர், பொறுமைசாலி. ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிவந்து, தூசி தட்டி, விரலால் தடவித் தடவித் தேடினார். கிடைத்தது. அவர் வாசிக்க வாசிக்க நான் தமிழில் சொன்னேன்.

மாயாண்டி, தகப்பன் பெயர் சின்னையா.

அடுத்த வரி. வெள்ளையன், தகப்பன் பெயர்... சின்னையா.

ராசு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். பாக்கியம் அக்கா ஜெயித்த மாதிரி பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். “நான் வேணும்னா சொன்னேன்?” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிராணி புத்தகத்தை மூடப் போனார். எனக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை உருட்டுவேன். வீட்டில் பாத்திரம், அங்கே புத்தகம். “மூடாதீங்க, அடுத்த பக்கம் திருப்புங்க,” என்றேன். மலர் முகத்தில் விழிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

பக்கத்து நிலத்துக்காரர் குஞ்ஞிராமன். தகப்பன் பெயர் சின்னையா. அதற்கடுத்து அப்பலசாமி. தகப்பன் பெயர் சின்னையா. அப்புறம் அந்தோணி. தகப்பன் பெயர்...

“சின்னையா!” என்று நானே சொல்லிவிட்டேன்.

கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இந்த சின்னையாவுக்கு பாஞாக் அனாக் லா!” நிறையப் பிள்ளைகள் என்கிறார். பின்னே? மலையாளத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, சர்ச்சுக்குப் போகிற பிள்ளை ஒன்று!

“அந்தோணியா? கோயில் மணி அடிச்சவரா?” பாக்கியம் அக்கா நிமிர்ந்தார். “அவங்க அப்பா தேவசகாயம் லா. அந்தச் சாவுக்கு நானே போயிருக்கேன்.”

கிராணி பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். இத்தனை பேருக்கும் பொறுப்பேற்று ரேகை வைத்தவர் பெயர் அங்கே இருந்தது. சின்னையா, கங்காணி.

விஷயம் அதுதான். ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, தன் ஆட்கள் எல்லாருக்கும் தகப்பன் பெயராகத் தன் பெயரையே எழுத வைத்துவிட்டார். ‘இவனுங்கள்லாம் நம்ம புள்ளைங்க’ என்றிருப்பார். அப்பன் பெயரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இது என் ஊகம்தான்.

“அந்தக் கங்காணி பேரு சின்னையாவா?” பாக்கியம் அக்காவுக்கு ஆச்சரியம். “நாங்க வேற பேருல்ல வச்சிருந்தோம்!” அந்தப் பெயரை இங்கே அச்சில் போட முடியாது.

ஆனால் மறுநிமிஷமே அவர் முகம் மாறியது. “சரி, சின்னையா புள்ளைங்க இல்ல. அதுக்காக அண்ணன் தம்பி இல்லன்னு ஆயிடுமா?”

நியாயமான கேள்வி. ராசுதான் கேட்டான், அப்பா தன் பங்கை விட்டுப் போனாரே, அதற்கு ஏதாவது எழுதியிருப்பார்களா என்று. கிராணி உள்ளே போனார். வர நேரமானது. வந்தபோது கையில் மஞ்சளேறிய ஒரு பத்திரம், அப்பா தன் பங்கை மாயாண்டிக்கு எழுதிக் கொடுத்தது. கங்காணி ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதியது. அதனால் தகப்பன் பெயர், சொந்த ஊர், எல்லாம் அவரவர் சொன்னபடி.

மாயாண்டி, தகப்பன் பெயர் ராமன், ஊர் முசிறிப் பக்கம். வெள்ளையன், தகப்பன் பெயர் கருப்பையா, ஊர் அறந்தாங்கிப் பக்கம்.

கருப்பையா! அன்றைக்குத்தான் எனக்குத் தாத்தாவின் பெயர் கிடைத்தது. இத்தனை வயதுக்கு மேல், ஒரு ஆபிஸ் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, தாத்தா கிடைத்த சந்தோஷத்தில் கண் கலங்கினேன்.

கீழே ‘இருவருக்கும் உள்ள உறவு’ என்று ஒரு கட்டம். அதில் ஒரே வார்த்தை. கிராணி வாசித்தார். “கவான்.”

சிநேகிதர். அதற்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டைவிரல் ரேகை.

ராசு என் கையைப் பிடித்துக்கொண்டான். பாக்கியம் அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. லாரி திரும்பி பிரிஞ்சாங்கை நெருங்கும்போது கேட்டார். “அப்ப அவரு எனக்கு யாரு?”

“உங்க அப்பாவோட சிநேகிதரு,” என்றான் ராசு.

“அது ஒரு முறையா?”

உண்மைதானே? நமக்கு ஒருத்தரைப் பிடித்துவிட்டால் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது. அண்ணன், சித்தப்பா என்று ஏதாவது ஒரு முறை வைத்தால்தான் மனசு ஆறும். கடல் தாண்டி வந்து, சொந்தம் என்று ஒருத்தரும் இல்லாத மலையில், காடு வெட்டிய இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிக்கொண்டார்கள். பத்திரத்துக்கு அது தெரியாது. தோளில் ஏறி ஊர் சுற்றிய குழந்தைக்குத் தெரியும். கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அந்த அம்மாள் ஒரு சித்தப்பாவை விட்டுக்கொடுக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய நிலப் பத்திரத்தில் குடும்பத்தைத் தேடப் போனால் உங்கள் வரியோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரரின் வரியையும் படியுங்கள். நாங்கள் படிக்காமல் வந்திருந்தால், மலர் இன்றைக்கும் பூவை எண்ணி வாங்கிக்கொண்டுதான் இருப்பாள்... அண்ணனிடமிருந்து!

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடியும் வந்தார்கள். பாக்கியம் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு நேராக அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“மாமா,” என்றார். “உங்க பேத்தியப் பொண்ணு கேட்டு வந்திருக்கோம்.”

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அப்படி உடனே சம்மதித்தவர் அவர் ஒருவர்தான்.