பெருங்காயம் மணத்த கிணறு

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கத்துக்கு நான் தலைவர். பின்புறம் ஒரு பழைய கிணறு இருந்தது. ஆழ்துளைக் குழாயில் உப்புநீர் வரத் தொடங்கி, தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை பிடித்த அந்நாளில், அதுவும் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மூடிவிட்டு வண்டி நிறுத்த இடமாக்கலாம் என்றார், தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த தரைத்தளத்து அண்ணாச்சி. பலருக்கும் அது நியாயமாகவே பட்டது.

மொட்டைமாடியில் விழும் மழையைக் கிணற்றில் இறக்கும் முறையைத் தண்ணீர் வாரியத்துப் பெண் பொறியாளர் ஒருவர் பொதுக்கூட்டமொன்றில் விளக்கக் கேட்டிருந்தேன். அழைத்ததும் வந்தார். வெயிலில் மாடியேறி, குழாய் போகவேண்டிய வழியைச் சுண்ணக்கட்டியால் சுவரில் வரைந்து தந்தார். காபியைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. அரசு ஊழியரைப் பொதுவாகப் பழிப்பவர்களிடம் அவரைப் பற்றித் தவறாமல் சொல்லிவருகிறேன்.

“ஒரு மழைக்காலம் பொறுங்கள். கிணறு ஊறும், தண்ணீர் கெடாது. பொறுப்பு என்னுடையது” என்று சங்கத்தில் வாக்களித்தேன். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறும் பழக்கம் எனக்கில்லை.

குழாய்கள் பொருத்தப்பட்டன. மாடியில் செருப்பு கூடாது, காயப்போட்டது எதுவும் மழையில் கிடக்கக் கூடாது என்று விதித்தோம். அவற்றை என்னைவிடக் கண்டிப்பாகக் காத்தவர் மூன்றாம் மாடி மாமி. ஆசாரம் மிக்கவர். “கோயிலுக்குள்ள செருப்பு போட்டுண்டு போவேளோ? இதுவும் நாம குளிக்கற ஜலம்தானே!” என்று மாடிப்படியிலேயே மறிப்பார்.

சித்திரையில் எதிர்பாராத மழை ஒரு பிற்பகல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை கிணற்றுநீர் வெண்மையாகக் கலங்கி, கட்டடம் முழுவதும் பெருங்காயம் மணந்தது.

அண்ணாச்சி என் வாசலுக்கே வந்தார். “என்ன சார், கெணத்துல ரசம் வச்சிருக்கீயளா? சொல்லியிருந்தா அப்பளம் பொரிச்சிருப்போமே!”

ஞாயிறன்று கூட்டம் கூடியது. மழைநீரே ஆகாது, மூடிவிடலாம் என்று குரல்கள் எழுந்தன. மழையில் பெருங்காயம் பெய்வதில்லை. மழை பெய்த அன்று மாடியில் எவர் வீட்டு வடாம் காய்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும், என் சொல்லைக் காப்பதற்காக ஒரு பெண்மணியைச் சபையில் சுட்டுவது எனக்கு உகந்ததன்று. மூடுவதற்குக் கை தூக்கச் சொல்வதே பாக்கி.

அப்போது மாமி எழுந்தார்.

“மழைய ஏன் வையறேள்? அது எங்காத்து வடாம். பிழிஞ்சு வெச்சுட்டு சித்த கண்ணசந்துட்டேன். அத்தனை கூழும் கரைஞ்சு உள்ள போயிடுத்து. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவ நான்தான், தப்பும் என்னுதுதான். கிணறு என்ன பண்ணும் பாவம்?”

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார்.

“நல்லவேள மாமி, ஊறுகாய காயப் போடாம வுட்டீய!”

“போட்டிருந்தா உமக்குத் தொட்டுக்க ஆயிருக்குமே!” என்றார் மாமி, சிரிக்காமல்.

அத்துடன் கூட்டத்தின் முகம் மாறியது. “மூட வேணாம் சார். கடையில மோட்டார் கெடக்கு, நானே எறச்சு வுடுதேன்” என்றார் அண்ணாச்சி. மாலைக்குள் அவ்வாறே செய்தும் முடித்தார். அவருடைய வண்டி அதன் பிறகும் தெருவிலேயே வெயிலில் நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஐப்பசி அடைமழையில் கிணறு பாதிக்குமேல் ஏறியது. அண்ணாச்சி ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார்.

“கரிக்கல சார்!”

என் வாக்கு நின்றது. அதை நிலைநிறுத்தியவர் எவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. புதிய குடமொன்றில் அந்த நீரை நிரப்பி, மூன்று மாடிகளையும் நானே ஏறி, மாமியின் வாசலில் வைத்து அழைப்புமணியை அழுத்தினேன்.