ஏழாம் ஆண்டும் எட்டாம் ஆண்டும்

பாபிலோன் ராஜா எருசலேமை முதன்முறை பிடித்தது அவருடைய ஆட்சியின் எத்தனையாவது ஆண்டில் என்ற கேள்விதான் என்னையும் அக்காவையும் பிரித்தது. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை.

ஈப்போவில் எங்கள் ஆலயத்து ஞாயிறு வேதபாட வகுப்பை நான்தான் நடத்துகிறேன். பழைய பாபிலோன், எபிரேயத் தேதிகளை இன்றைய தேதிகளாக மாற்றிச் சுவர் அட்டவணை ஒன்று தயாரித்தேன். பிறை பார்த்துத் தொடங்கும் மாதம், சில ஆண்டுகளில் சேர்க்கும் பதின்மூன்றாம் மாதம் எல்லாம் எனக்கு அத்துபடி என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே.

வேதத்தில் ஓரிடம் எட்டாம் ஆண்டு என்கிறது, இன்னோரிடம் ஏழு என்கிறது. பாபிலோனின் களிமண் பலகையிலும் ஏழுதான். எட்டு என்பது எழுதியவரின் கைப்பிழை என்று அடித்துச் சொல்லி, அட்டவணையில் சிவப்பு மையால் 'பிழை' என்று எழுதினேன்.

முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். அப்பா இறந்தபின் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவள். தைப்பிங்கிலிருந்து பஸ் ஏறி என் வகுப்புக்கு வருகிறவள்.

"அப்பா செத்தப்ப உனக்கு ஏழு வயசுன்னு நீ சொல்றே. எட்டுன்னு நான் சொல்றேன். ஏழு முடிஞ்சு எட்டு நடந்துச்சு. இதுல யாரு பொய் சொல்றது?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கோபம் தலைக்கேறியது.

"இது எஸ்டேட்டுக் கணக்கு இல்லக்கா. தெரியாததுல தலையிடாதே லா."

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு போனையும் எடுக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மதியம் அந்த ராஜாவின் ஆண்டுகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். அவர் பட்டமேறியது ஆண்டின் நடுவில். பாபிலோன்காரர்கள் அந்த மீதி மாதங்களை விட்டுவிட்டு, புத்தாண்டு பிறக்கும் அடுத்த நிசான் மாதத்திலிருந்துதான் முதல் ஆண்டை எண்ணுவார்கள். அப்படியென்றால் ஏழு. அந்த அரைகுறை ஆண்டையும் சேர்த்து எண்ணினால் எட்டு. அக்கா சொன்னதும் இதைத்தானே! வெட்கத்தில் காது சுட்டது.

மழையில் தைப்பிங்குக்குக் காரை விரட்டினேன். அக்கா கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"நீ சொன்னதுதான் சரிக்கா. மன்னிச்சிரு."

"இங்க வந்து என்கிட்ட சொல்லி என்ன? எங்க வச்சு என்னைப் பேசுனியோ, அங்க சொல்லு."

மறுநாள் வகுப்பு தொடங்கியபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. அவள் இல்லாமலே சொல்லிவிடலாம் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். வாயைத் திறக்கும் நேரத்தில் அக்கா உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"பிழை வேதத்தை எழுதுனவர்கிட்ட இல்ல, என்கிட்டதான். அன்னிக்கு எங்கக்கா சொன்னதுதான் சரி. அதைக் கேக்காம அவங்கள அவமானப்படுத்திட்டேன்" என்றேன்.

ஒரு பெரியவர் கேட்டார்: "அப்ப எதைத்தான் எழுதுறது?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"ரெண்டையும் எழுது லா. எப்படி எண்ணுனாங்கன்னு பக்கத்துல போடு."

'பிழை'யை அடித்தேன். ஏழுக்குப் பக்கத்தில் 'பாபிலோன் கணக்கு' என்று எழுதினேன். எட்டுக்குப் பக்கத்தில் 'எஸ்டேட்டுக் கணக்கு' என்று போட்டேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து வந்து முன்வரிசையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"ம், அடுத்த தேதியைச் சொல்லு" என்றாள்.