ரேவதி கொண்டுவந்த வெள்ளைத் தண்ணீர்

அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி என்று பாடம் நடத்தியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: தண்ணீர் தெளிகிறதோ இல்லையோ, அந்த அழுக்கு முழுவதும் நம் சேலைக்கு வந்து சேர்ந்துவிடும். நான் விருத்தாசலத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் தற்காலிக டீச்சர். சேத்தியாத்தோப்புப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே இந்தப் பாடத்தைப் படம் பார்த்து நோட்டில் வரைந்ததோடு சரி. இங்கே பிள்ளைகளுக்கு நிஜமாகவே செய்து காட்டுவோம் என்று ஆசைப்பட்டேன். தலைமையாசிரியை குண்டைத் தூக்கிப் போட்டார்: "அடுத்த வாரம் அதிகாரி வராரு. உன் கிளாஸுக்குத்தான் கூட்டிட்டு வருவேன். நல்லா நடந்தா அடுத்த வருஷத்துக்கும் உன்னையே கேட்டு எழுதலாம். இல்லன்னா என் கையில இல்லம்மா."

பளிச்சென்று ஓர் அழுக்கு

"நாளைக்கு எல்லாரும் வூட்லருந்து ஒரு பாட்டில் அழுக்குத் தண்ணி கொண்டு வாங்க" என்றேன். மறுநாள் மேஜை மேல் வந்து நின்றதெல்லாம் பளிங்கு. ஒருத்தி கேன் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தாள். பாட்டிலைக்கூட சோப்பு போட்டுக் கழுவியிருந்தார்கள்!

கடைசி பெஞ்சு ரேவதி மட்டும் பையை விட்டு எதையும் எடுக்கவில்லை. வாங்கிப் பார்த்தால், பால் போல வெள்ளைத் தண்ணீர். அவள் அம்மா பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சுக்குக் களிமண் கூழ் ஊற்றுகிறவர். அது அங்கே வாளி அலசிய தண்ணீர். பிள்ளைகள் சிரித்தார்கள். "இதுதான்டி நான் கேட்டது" என்று அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் கேட்டருகே, பளிங்குத் தண்ணீர் அனுப்பிய ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்: "அழுக்குத் தண்ணி குடுத்தனுப்புனா எங்க வூட்டப் பத்தி நீங்க என்ன டீச்சர் நெனைப்பீங்க?"

கரியின் கைங்கரியம்

கேனைப் பாதியாக அறுத்து, கூழாங்கல், மணல், அடுப்புக்கரி என்று அடுக்கி வடிகட்டி செய்தேன். குட்டையிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தண்ணீரை மேலே ஊற்றினேன். கீழே மை கொட்டியது. கரியைக் கழுவிவிட்டுப் போடவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகத்துப் படத்தில் கரி சமர்த்தாக இருந்தது. என் வெளிர்நீலச் சேலையில் பாதி போயிற்று. முன் பெஞ்சு யாஸ்மின் ஆறுதலாகச் சொன்னாள்: "நாம ஊத்துனதே பரவால்ல போலருக்கு டீச்சர்."

வூட்டிலும் ஒரு சுத்திகரிப்பு நிலையம்

ராத்திரிச் சமையலுக்கு நடுவே பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். என் நாலு வயது மகள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் துணி எடுக்க மாடிக்குப் போன நேரம், டீ வடிகட்டியால் சாம்பாரைச் சுத்தம் செய்துவிட்டாள். முருங்கைக்காய், பருப்பு, வெங்காயம் எல்லாம் தனிக் கிண்ணத்தில். "அழுக்கெல்லாம் எடுத்துட்டேன்ப்பா" என்று அப்பாவிடம் பெருமை வேறு. அவர் அந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டு, மகளைத் தட்டிக்கொடுத்து, என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "குளோரின் பாடம் என்னைக்குன்னு முன்னாடியே சொல்லிடு, நான் ஓட்டல்ல சாப்டுக்குறேன்."

படிய மாட்டேன் என்ற தண்ணீர்

அதிகாரி வந்த அன்று, எடுப்பாக இருக்கட்டும் என்று ரேவதியின் வெள்ளைத் தண்ணீரிலேயே பாதியைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினேன். ஒரு வாரம் அலமாரியில் நின்றும் அது தெளியவில்லை. ஏன் என்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. "படிகாரம் போட்டா கால் மணி நேரத்துல மண்ணெல்லாம் அடியில உக்காந்துடும் சார்" என்று சொல்லி ஒரு துண்டைக் கரைத்துக் கலக்கினேன். கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. ஜாடியில் அதே பால். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன்.

ரேவதி எழுந்தாள். "டீச்சர், அது சும்மா படியாது. அச்சுல ஊத்துறதுக்குள்ள மண்ணு அடியில தங்கிடக் கூடாதுன்னு எங்கம்மா கூழ்ல சிலிகேட் ஊத்துவாங்க. அதான் மெதந்துக்கிட்டே இருக்குது."

"அப்ப என்னதான்டி பண்றது?" அதிகாரி இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"படிகாரம் நெறைய போடணும். அலசுற தொட்டியில எங்கம்மா கை நெறையப் போடுவாங்க."

அவளே வந்து போட்டாள். கிண்டாமல், ஜாடியை மெதுவாகச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் திரிந்த பால் போல வெள்ளைத் திப்பிகள் திரண்டு இறங்கின. மேலே தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது.

அதிகாரி என்னிடம் கேட்டார்: "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" 'தெரியும்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரேவதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியாதுங்க சார். இப்பதான் ரேவதிகிட்ட கத்துக்கிட்டேன்." வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் ரேவதி பக்கம் திரும்பினார்: "அடுத்த வருஷம் டீச்சருக்கு வேற என்னென்ன சொல்லித்தரப் போற?"

இன்னொரு பாட்டில்

தலைமையாசிரியை என் பெயரைக் கேட்டு எழுதிய அன்று சாயங்காலம் ரேவதியின் அம்மா பட்டறையிலிருந்து நேராக வந்தார். நகக்கண்ணில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. "அந்தத் தண்ணிய ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போவாதடின்னு திட்டுனேன் டீச்சர், கேக்கல" என்றவர் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தொட்டியின் மேல்தண்ணீர், கண்ணாடி மாதிரி. "இது தெளிஞ்சது. இதையும் அது பக்கத்துலயே வைங்க டீச்சர்."

இரண்டு பாட்டிலும் இப்போது என் அலமாரியில் ஜோடியாக நிற்கின்றன. அந்த வெளிர்நீலச் சேலையின் கரிக்கறை மட்டும் எத்தனை கைப்பிடி படிகாரத்துக்கும் மசியாமல் இருக்கிறது.