ஒரே ஆள் போட்ட கோடு

பலூனுக்குள் தீ பீறிடும் சத்தம் கேட்டதும் கொழுந்தன் வண்டிப் பக்கம் திரும்பிக்கொள்வான். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிவான், இல்லாவிட்டால் கண்ணாடியைத் துடைப்பான். ஆட்கள் நிற்கும் கூடை தரையை விட்டு எழும்பி, சத்தம் தேய்ந்த பிறகுதான் நிமிர்வான். கணவன் பலூன் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அண்ணி இதைப் பார்த்து வருகிறாள். ஏன் என்று ஒரு தடவைகூட அவனிடம் கேட்டதில்லை.

உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவதும் அவள்தான். அப்படிப்பட்டவன் பலூன் ஓட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறான் என்பதை வைத்து வீட்டில் நடக்காத கேலி இல்லை. "ஸ்டூல்ல ஏற மாட்டான், வானத்துக்கு ரோடு போடுறான்" என்பான் அண்ணன்காரன். தம்பி சிரித்துக்கொண்டே சாப்பாட்டை முடிப்பான்.

முன்பு அவன் பார்சல் வண்டிகளுக்கு வழி கண்டுபிடித்துத் தரும் கம்பெனியில் இருந்தான். ஒரு நாள் காற்று இழுத்த இழுப்பில் அண்ணன் சதுப்பு நிலத்தில் போய் இறங்கிவிட்டான். போனில் சார்ஜ் இல்லை. பலூனை ஏற்றிவர வேண்டிய காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு அண்ணி பாதி நாள் தேடி அலைந்தாள். அழுது வீங்கிய கண்ணோடு அவள் வீட்டுக்குள் நுழைந்ததைத் தம்பி பார்த்தான். பைலட்டுகள் எல்லோரும் வைத்திருக்கும் மேப்போடு சேர்ந்து வேலை செய்ய ஒரு ஆட்-ஆன், அதாவது துணை மென்பொருள், எழுதினான். பலூன் நீலப் புள்ளி, தொடர்ந்து போகும் வண்டி பச்சைப் புள்ளி. அவ்வளவுதான் முதலில்.

பிறகு அதில் காற்றும் சேர்ந்தது. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் போகும். வேண்டிய காற்றைத் தேடி ஏறி இறங்குவதுதான் ஓட்டுவது. எந்த உயரத்தில் போனால் எந்த வயலில் போய் நிற்கலாம் என்று இவனுடைய ஆட்-ஆன் கோடு போட்டுக் காட்டியது. மின்கம்பிகளைச் சிவப்பில் காட்டியது. வண்டியில் போகிறவர்கள் தாங்கள் பார்த்ததையும் அதில் குறிக்கலாம். 'நாய் அவிழ்த்து விட்டிருக்கிறது.' 'குதிரைகள் மிரளும்.' 'வயல்காரர் நல்லவர், ஆனால் பேசினால் விடமாட்டார்.' இந்தக் கடைசிக் குறிப்பு அண்ணி போட்டது.

வேறு பைலட்டுகளும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு பைலட்டுகளுக்குள் ஏதோ மனக்கசப்பு. ஒருவர் வழக்கமாக இறங்கும் நல்ல வயலின் குறுக்கே இன்னொருவர் இல்லாத மின்கம்பியை வரைந்து வைத்தார். கொழுந்தனுக்கு இரண்டு பக்கமிருந்தும் திட்டு. அவன் ஒரு விதி கொண்டுவந்தான். ஒருவர் குறித்ததை இன்னொரு குழுவும் பார்த்து ஆமாம் என்று சொன்னால்தான் அது மற்றவர் திரையில் வரும். குறித்தவருக்கு மட்டும் முதலிலிருந்தே தெரியும். இதை எல்லோருக்கும் எழுதியும் அனுப்பினான். யாரும் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சோதித்த அவன் திரையிலோ எல்லாமே தெரிந்தது. எழுதினவன் அல்லவா.

அடுத்த வாரமே ஒரு மரவரிசையை ஒட்டிப் புதிதாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருந்ததை அண்ணி பார்த்தாள். வண்டியை நிறுத்தி, விரலால் நீளமாகக் கோடு போட்டாள். அவள் திரையில் அது பளிச்சென்று சிவந்தது.

சில நாள் கழித்து ஒரு காலை. கணவன் நான்கு பயணிகளோடு மேலே போய்விட்டான். அண்ணி வண்டியை ஓட்ட, கொழுந்தன் மடிக்கணினியோடு பக்கத்தில் இருந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது; காற்று கெடுவதற்குள் இறங்கியாக வேண்டும். நீலப் புள்ளி மரவரிசையைப் பார்த்துத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"உங்க அண்ணன் அந்த லைனுக்கு இந்தப் பக்கமே இறங்கிடுவார் போல" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே.

"எந்த லைன்?"

"இதோ. போன வாரம் நான் போட்டது."

அவன் அவளுடைய டேப்லெட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணி, இதை வேற யாராவது பார்த்து ஆமான்னு போட்டாங்களா?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஏன்?"

"அப்ப அண்ணனுக்கு இது தெரியாது. அவர் திரையில வராது."

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள். வெறும் இரைச்சல். ரோடு பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது, பலூனுக்கும் வண்டிக்கும் நடுவில் மேடு. கொழுந்தன் தானே அந்தக் கோட்டுக்கு ஆமாம் போடப் பார்த்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சிக்னல் இல்ல அண்ணி."

"போன்?"

"இறங்கும்போது எடுக்க மாட்டார்."

அவள் ரோட்டை விட்டாள். மேட்டின் மேல் ஏறும் மண் தடத்தில் வண்டியைத் திருப்பி மிதித்தாள். டிரெய்லர் பின்னால் துள்ளித் துள்ளி விழுந்தது. மேட்டு உச்சிக்கு வந்ததும் பலூன் தெரிந்தது. அவள் நினைத்ததைவிட எவ்வளவோ தாழ்வாக இருந்தது. பயணிகளின் தலைகள்கூடத் தெரிந்தன. பலூனுக்கு நேர் எதிரே சூரியன். கணவனுக்கு மரங்கள் கறுப்பாகத் தெரியும். கம்பி தெரியவே தெரியாது.

"என்னங்க, கேக்குதா? உங்க முன்னால கம்பி இருக்கு. மரத்தை ஒட்டி. புது லைன்."

கரகரப்பு. பிறகு அவன் குரல். "மேப்ல ஒண்ணும் இல்லையே."

"மேப்பை விடுங்க. நான் கண்ணால பார்க்கிறேன்."

"ஏறட்டுமா, இறங்கட்டுமா? சீக்கிரம் சொல்லு."

அவள் பலூனையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பர்னரில் தீயைக் கூட்டினாலும் பலூன் உடனே ஏறாது. உள்ளே சூடேறும்வரை தாழ்ந்துகொண்டேதான் வரும். ஏறி முடிப்பதற்குள் கம்பி வந்துவிடுமா? கொழுந்தன் மடிக்கணினியை மூடிவிட்டு முன்கண்ணாடி வழியே பலூனை வெறித்தான்.

"ஏறாது அண்ணி. இறங்கிட்டிருக்கிற வேகத்துக்கு ஏறாது. கயிறை இழுக்கச் சொல்லுங்க."

"இறங்குங்க" என்றாள் அவள். "இப்பவே இழுங்க. எல்லாரையும் குனியச் சொல்லுங்க."

கணவன் உச்சிக் கயிற்றை இழுத்தான். பலூனின் உச்சி திறந்து சூடான காற்று வெளியேறியது. கூடை பொத்தென்று உழுத மண்ணில் விழுந்து, சாய்ந்து, இழுபட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டே போயிற்று. துணி முன்னால் சரிந்து கம்பங்களுக்கு இந்தப் பக்கமே சுருண்டு படுத்தது.

அவர்கள் ஓடிப் போனபோது பயணிகள் ஒவ்வொருவராக வெளியே தவழ்ந்தார்கள். ஓர் அம்மாவுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. கணவனுக்கு உதடு கிழிந்து ரத்தம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அந்த அம்மாவை நிழலில் படுக்க வைத்த பிறகுதான் அவன் மனைவியிடம் திரும்பினான்.

"இவ்ளோ பெரிய லைன். பார்த்தவ அன்னிக்கே போட்டிருக்கலாம்ல?"

அவள் தன் டேப்லெட்டை அவனுடையதன் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றில் சிவப்புக் கோடு. மற்றதில் வெறும் பச்சை வயல்.

"அண்ணி மேல தப்பில்ல" என்றான் தம்பி. விதியைச் சொன்னான். பொய்க்கோடு போடுகிறவர்களுக்காக வைத்தது, ரெண்டாவது ஆள் ஒருத்தர் பார்க்கட்டும் என்று.

அண்ணன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். கத்தவில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த ரெண்டாவது ஆள் நானா இருந்திருப்பேன்டா."

தம்பி அங்கேயே, உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி ஒருத்தியாகத் துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். சற்றுப் பொறுத்து அவனும் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தான்.

வீட்டுக்குப் போனதும் அந்த விதியை எடுத்துவிட்டான். இப்போது ஒரே ஆள் போட்ட கோடும் எல்லோர் திரையிலும் உடனே வருகிறது. போட்டவர் யார் என்பதும் கூடவே வருகிறது. பொய்க்கோடு போடுகிறவர்கள் இன்னும் போடுகிறார்கள். அதற்கான திட்டும் அவனுக்கு வருகிறது, வாங்கிக்கொள்கிறான். அந்த அம்மா நடக்கிறார், ஆனால் படியேறக் கஷ்டப்படுகிறார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள், வேலை விஷயம் மட்டும். சாப்பாட்டு நேரத்தில் கேலி இல்லை. வண்டியை அண்ணிதான் ஓட்டுகிறாள்.