கமா போட்ட புகார்

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு ஆபீஸ் வேலை. கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்கு வெள்ளை மீசை, உப்புக் காற்றில் வெளுத்த சட்டை. எழுதும்போது ஒவ்வொரு முற்றுப்புள்ளியையும் அழுத்திக் குத்திவிட்டு, ஒரு மூச்சு விட்டுக்கொள்வார்.

அங்கே புகார் எதுவானாலும் இங்கிலீஷில் எழுதித் தந்தால்தான் மேலே போகும். ஒரு மழைநாளில் அவரும் ஒரு புகார் எழுதி எடுத்துவந்தார். கமாவும் புள்ளியும் கண்ட இடத்தில் கிடந்தன. சிவப்புப் பேனாவால் சுழித்து, ஆபீசே பார்க்க, "திருத்தி எழுதிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் சுழித்தேன். பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் நனைந்தபடி வந்து நின்றார்.

"கமா, புள்ளி அல்லாம் கரீட்டா கீதா சார்?"

"இப்ப சரி."

"அப்ப ஒயர எப்ப சார் சரி பண்ணுவீங்கோ?"

"எந்த ஒயர்?"

அவர் என் கையிலிருந்த தாளையே பார்த்தார். அப்போதுதான் அதைப் படித்தேன். கேட்டருகே கரண்டு ஒயர் தோலுரிந்து, கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறதாம். மூன்று நாளாக யாரும் அதில் படாமல், மழையில் அவரே பக்கத்தில் நின்று ஆட்களை ஒதுக்கிவிட்டிருக்கிறார்.

அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் அந்த ஒயரிடமே போனார்.